ரெசிடென்ட் ஈவில் 4 (2005): நின்று சுட வைத்த கேம் தொடரை மாற்றிய விதம்

கேள்வி இதுதான்: "2023 ரீமேக்கை முடித்துவிட்டு 2005இல் வந்த பழைய ரெசிடென்ட் ஈவில் 4ஐத் தொடங்கினேன். நடந்துகொண்டே சுட முடியவில்லை. முதல் கிராமத்திலேயே தோட்டா தீர்ந்துபோகிறது. இதையா தொடரையே புரட்டிப்போட்ட கேம் என்கிறார்கள்? இப்போதும் ஆடலாமா, எப்படி ஆடுவது?"

தாராளமாக ஆடலாம். ரீமேக்கில் பழகிய கையோடு ஆடினால் மட்டும் வேலைக்கு ஆகாது. நீங்கள் குறையாகச் சொல்லும் விஷயம், அதாவது சுட வேண்டுமானால் நின்றாக வேண்டும் என்ற விதி, இந்தக் கேமின் அச்சாணி. தோட்டா தீர்வதும், முதல் கிராமத்தில் சாவதும், இது தொடரை மாற்றியதும் எல்லாமே அந்த ஒரு விதியைச் சுற்றித்தான் வருகின்றன.

முதலில் இதற்கு முன் என்ன இருந்தது என்று பார்த்துவிடலாம். 1996இல் ஜப்பானில் 'பயோஹசார்ட்' என்ற பெயரில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது இந்தத் திகில் கேம் தொடரின் முதல் பாகம். அதிலிருந்து 2002இல் நின்டெண்டோவின் கேம்கியூபுக்கு வந்த ரெசிடென்ட் ஈவில் ஸீரோ வரை அச்சு பெரிதாக மாறவே இல்லை. கேமரா அறையின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும்; நீங்கள் நடக்க நடக்கக் கோணம் சட்டென்று வெட்டி மாறும். கேரக்டர் நின்ற இடத்திலேயே சுழன்று, பார்க்கும் திசையில் முன்னும் பின்னும் மட்டும் போவார். சேவ் செய்ய டைப்ரைட்டர், பெரும்பாலும் அதற்கு ஒரு மை ரிப்பனும் வேண்டும். பயம் முழுவதும் கேமரா காட்டாத இடத்தில் இருந்தது. திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஜோம்பி முனகுவது கேட்கும், உருவம் தெரியாது. இந்த வித்தை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஐந்தாறு கேம்கள் ஆடியவருக்கு ஜோம்பியைச் சுற்றிக்கொண்டு ஓடுவது அனிச்சைச் செயல் ஆகிவிட்டது. கதவு திறக்கும் காட்சி வந்தால் ஆபத்து முடிந்தது என்பதும் தெரிந்துவிட்டது.

நான்காம் பாகத்துக்கு, தொடரைத் தயாரிக்கும் காப்காம் நிறுவனம் எடுத்த முயற்சிகள் பலமுறை கைவிடப்பட்டன. ஹிடேகி காமியா இயக்கிய ஆரம்ப வடிவம் சண்டையும் சாகசமுமாகத் திசை மாறி, 2001இல் 'டெவில் மே கிரை' என்ற தனித் தொடராகவே வெளிவந்தது. அதன் பிறகு கறுப்புப் புகைமூட்டம் துரத்தும் ஒரு வடிவம். அதற்கும் பிறகு, 2003 இ3 கேம் கண்காட்சியில் காட்டப்பட்ட, கொக்கி ஏந்திய ஆவியுருவம் நாயகன் லியோனைத் துரத்தும் வடிவம். அதுவும் குப்பைக்குப் போனது. கடைசியில் முதல் பாகத்தை இயக்கிய ஷின்ஜி மிகாமியே மறுபடி இயக்குநர் நாற்காலிக்கு வந்தார். 2005 ஜனவரி 11 அன்று வட அமெரிக்காவில் கேம்கியூபுக்கு வெளியானது அவர் செய்த வடிவம்.

மிகாமி தூக்கிய விஷயங்களை எல்லோரும் பட்டியல் போடுவார்கள்: மூலைக் கேமரா இல்லை, ஜோம்பி இல்லை, மை ரிப்பன் இல்லை, பொருள் போட்டுவைக்கும் பெட்டி இல்லை. முந்தைய பாகங்களின் ஜோம்பிகளுக்குக் காரணமான அம்ப்ரெல்லா நிறுவனம் திவாலாகிவிட்டது என்று தொடக்கக் காட்சியிலேயே சொல்லி, பழைய கதையையும் இழுத்து மூடிவிடுகிறார்கள். கேமரா லியோனின் வலது தோளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. துப்பாக்கியை உயர்த்தினால் இன்னும் நெருங்கும். லேசர் கோடு நீங்கள் சுடப்போகும் இடத்தைக் காட்டும்.

அவர் தூக்காமல் விட்டதை அதிகம் பேர் சொல்வதில்லை. பழைய நடை அப்படியே இருக்கிறது. லியோன் பக்கவாட்டில் நகர மாட்டார். முன்னே, பின்னே, சுழல்வது, அவ்வளவுதான். துப்பாக்கியை உயர்த்திய நொடியில் கால் தரையில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடும். தெளிவாகக் குறிவைக்கும் வசதியைக் கொடுத்துவிட்டு, அந்த நேரம் முழுக்க நகரும் வசதியைப் பிடுங்கிக்கொண்டார்கள். எதிரே உள்ளது எல்லாம் தெரியும், முதுகுக்குப் பின்னால் எதுவும் தெரியாது. ஆக, பழைய பாகங்களில் அறையின் மூலையில் இருந்த 'தெரியாத இடம்' இப்போது லியோனின் முதுகுக்கு இடம் மாறிவிட்டது. இதை வெறும் ஆக்‌ஷன் கேம் என்பவர்கள் தவறவிடும் இடம் இது.

எதிரிகளும் இந்த விதிக்கு ஏற்றபடி வெட்டித் தைக்கப்பட்டிருக்கிறார்கள். கனாடோக்கள், அதாவது ஒட்டுண்ணி பிடித்த ஊர்க்காரர்கள், தூரத்திலிருந்து ஓடி வருவார்கள். சில அடி தொலைவுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, கையை நீட்டியபடி நடக்க ஆரம்பிப்பார்கள். அந்த மந்தமான சில அடிதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். லேசர் முகத்தில் பட்டால் சிலர் தலையை வளைத்து ஒதுக்குவார்கள். தூரத்தில் நிற்பவர் அரிவாளோ கோடரியோ வீசுவார். பறந்து வரும் கோடரியை நடுவானிலேயே சுட்டுத் தள்ளலாம். டைனமைட்டைப் பற்றவைத்தவரை உடனே சுட்டால் அவரோடு பக்கத்தில் நிற்பவர்களும் போய்ச் சேருவார்கள்.

இனி உங்கள் தோட்டாப் பிரச்சினை. ஆளைக் கொல்லும் வரை சுடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கேமில் கைத்துப்பாக்கி ஆளைத் தடுமாற வைக்கும் கருவி. அடிப்படை நகர்வு இதுதான்: முகத்தில் ஒரு குண்டு, அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு தள்ளாடுவார், துப்பாக்கியை இறக்கிவிட்டு ஓடிப்போய், திரையில் உதை என்று வந்ததும் பொத்தானை அழுத்துங்கள். லியோன் சுழன்று விடும் உதை ஒருவரை மட்டும் தாக்காது, அந்த வளைவுக்குள் நிற்கும் அத்தனை பேரையும் சாய்க்கும். அதைவிட முக்கியம், உதைக்கும் அந்தக் கணத்தில் லியோனுக்கு அடியே படாது. விழுந்தவர்கள் எழும் வரை கத்தியால் கீறுங்கள். கத்தி எப்போதும் தனிப் பொத்தானில் இருக்கிறது, லியோன் பொருள்களைச் சுமக்கும் பெட்டியில் இடம் பிடிக்காது, ரீமேக்கைப் போலத் தேயவும் தேயாது. ஒரு தோட்டாவில் மூன்று பேரை வீழ்த்தும் கணக்கு இப்படித்தான் வருகிறது.

ஆக, தனியாக நிற்பவரைத் தேடிச் சுடாதீர்கள். கூட்டம் கொஞ்சம் சேரட்டும், முன்னால் வருபவர் முகத்தில் ஒன்று போடுங்கள், உதையை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுங்கள். கூட்டத்தைக் கண்டு ஓடுபவருக்குத் தோட்டா பற்றாது. கூட்டத்தை வரவிடுபவருக்கு மிஞ்சும். கிராமத்துக்கு அடுத்து வரும் கோட்டைக்கு வந்த பிறகு இன்னொரு வழியும் சேரும்: முழங்காலில் சுட்டு மண்டியிட வைத்து, நெருங்கினால் சப்ளெக்ஸ், அதாவது இடுப்பைப் பிடித்துப் பின்னால் தூக்கி அடிக்கும் மல்யுத்தப் பிடி. ஒருவரைத்தான் பிடிக்கும், ஆனால் அடி கனமானது.

இந்த முறை ஓரிடத்தில் திரும்பிக் கடிக்கும். பொழுது சாய்ந்த பிறகு வரும் பகுதிகளில், தலை சிதறி விழுந்தவரின் கழுத்திலிருந்து பிளாகா என்ற ஒட்டுண்ணி சாட்டையைச் சுழற்றிக்கொண்டு வெளிவரும். அதன் வீச்செல்லை உதையைவிட நீளம், அதனால் ஓடிப்போய் உதைக்கும் பழக்கம் அங்கே ஆபத்து. பிளாகாவுக்கு வெளிச்சம் ஆகாது. ஒரு ஃப்ளாஷ் கிரனேட் வீசினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அத்தனையும் அந்த இடத்திலேயே சாகும். பகலில் ஃப்ளாஷ் கிரனேடுகளை வீணாக்காமல் சேர்த்து வையுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். கையில் அது இல்லையென்றால், தலையில் ஒரு குண்டு போட்டு உதைத்துத் தள்ளிவிட்டு, மீதியைக் கத்தியால் உடம்பிலேயே முடியுங்கள்.

முதல் கிராமத்துக்கு வருவோம். அங்கே எல்லோரையும் கொல்ல வேண்டிய கட்டாயமில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கை சாய்ந்தாலோ, குறிப்பிட்ட நேரம் தாக்குப்பிடித்தாலோ தேவாலய மணி அடிக்கும், எல்லோரும் ஆயுதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு மாடி வீட்டுக்குள் போனால் ஒரு சிறு காட்சி ஓடும், ரம்பக்காரரும் வந்து சேருவார். அந்த வீட்டு மாடிச் சுவரில்தான் ஷாட்கன் தொங்குகிறது, இலவசம். ரம்பம் கழுத்தில் பட்டால் எவ்வளவு உயிர் மீதி இருந்தாலும் முடிந்தது கதை. ரீமேக்கில் கத்தியால் தடுத்த நினைப்பில் நிற்காதீர்கள், இங்கே அந்த வசதி கிடையாது. ஷாட்கனை எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கூரைக்கு வாருங்கள். சாத்தப்படும் ஏணிகளைத் தள்ளிவிடலாம். ரம்பக்காரர் நெருங்கினால் ஷாட்கனால் ஒன்று கொடுங்கள், விழுவார், அந்த இடைவெளியில் இடம் மாறுங்கள். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம் என்று பலருக்கும் தோன்றும். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து தீப்பந்து வந்து விழும். ஒரே இடத்தில் ஒளிந்து ஜெயிக்கும் வழியை ஒவ்வொன்றாக யோசித்து அடைத்திருக்கிறார்கள்.

முழுதாகத் திரும்பும் நகர்வை முதல் பத்து நிமிடத்திலேயே பழகிவிடுங்கள்: ஸ்டிக்கைக் கீழே இழுத்து ஓடும் பொத்தானை அழுத்தினால் லியோன் ஒரே வீச்சில் பின்பக்கம் திரும்புவார். நான்கடி ஓடு, திரும்பு, நில், ஒரு குண்டு, உதை. கேம் முழுக்க இந்தத் தாளம்தான்.

தோட்டா வரவைப் பற்றிச் சில விஷயங்கள் கேமில் எங்கும் எழுதி இருக்காது. வழியில் ஆங்காங்கே நின்று துப்பாக்கி விற்கும் வியாபாரி தோட்டா விற்க மாட்டார். ரீமேக்கைப் போல வெடிமருந்து கலந்து செய்துகொள்ளவும் முடியாது. வருவதெல்லாம் பெட்டி, பீப்பாய், விழுந்தவர்களிடமிருந்துதான். விழுவது பெரும்பாலும் உங்களிடம் இருக்கும் துப்பாக்கிக்கு ஏற்றதாகவே இருக்கும். ஆகவே ஐந்தாறு வகைத் துப்பாக்கியைச் சுமந்தால் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். ஒரு கைத்துப்பாக்கி, ஒரு ஷாட்கன், ஒரு ரைஃபிள். முதல் ஆட்டத்துக்கு இது போதும்.

அடுத்தது, கொள்ளளவு மேம்பாடு. வியாபாரியிடம் எந்தத் துப்பாக்கியின் கொள்ளளவைக் கூட்டினாலும் அந்த மேகசின் இலவசமாக நிறைந்து வரும். எனவே காசு கையில் வந்ததும் ஓடிப்போய் மேம்படுத்தாதீர்கள். துப்பாக்கி காலியாகும் வரை பயன்படுத்திவிட்டு, காலியாகவே கொண்டுபோய்க் கொடுங்கள். பிற்பகுதியில் வரும் ஸ்ட்ரைக்கர் ஷாட்கனின் கடைசி மேம்பாடு அதன் கொள்ளளவை 100 ஆக்குகிறது. அதை ஒற்றைக் குண்டுகூட இல்லாமல் கொடுத்து வாங்குவதில் ஒரு திருட்டுச் சந்தோஷம் உண்டு.

மூன்றாவது, கடினத்தன்மை தானாக மாறும். நீங்கள் நன்றாக ஆடினால் எதிரிகள் பலமாவார்கள். அடிக்கடி அடிபட்டாலோ செத்தாலோ தளர்வார்கள், சில இடங்களில் ஆள் எண்ணிக்கையே குறையும். கேம் இதைத் திரையில் சொல்வதில்லை. ஒருமுறை முடித்தபின் திறக்கும் 'புரொஃபஷனல்' என்ற கடின நிலையில் மட்டும் இந்த இரக்கம் கிடையாது. அதனால் செத்துவிட்டோமே என்று பழைய சேவுக்கு ஓடாமல், 'தொடர்க' கொடுத்து ஆடுவதுதான் லாபம்.

பெட்டி நிர்வாகம் தனிச் சுகம். முதல் பெட்டி 6க்கு 10 கட்டம். ஒரு ராக்கெட் லாஞ்சரே 16 கட்டத்தைத் தின்றுவிடும். பொருள்களைச் சுழற்றி அடுக்கலாம். புதையலும் சாவிகளும் இதில் கணக்கில்லை. மஞ்சள் மூலிகையைத் தனியாகச் சாப்பிட முடியாது, பச்சையோடு கலக்க வேண்டும், கலந்தால் உயிர்க்கோடே நிரந்தரமாக நீளும். பச்சை, சிவப்பு, மஞ்சள் மூன்றையும் சேர்த்தால் முழுச் சிகிச்சையும் நீட்டிப்பும் ஒரே மிடறில் முடியும். எனவே சிவப்பைப் பச்சையோடு அவசரப்பட்டுக் கலந்து தீர்த்துவிடாமல், மஞ்சளுக்காக வைத்திருங்கள். சில புதையல்களில் கல் பதிக்கும் குழிகள் இருக்கும், உதாரணம் பீர் குடுவையும் நேர்த்தியான முகமூடியும். கற்களைத் தேடிப் பதித்தபின் விற்றால் கிடைக்கும் தொகை வேறு ரகம். சுடுவதற்காக ஆங்காங்கே தொங்கும் நீல மெடல்கள் மொத்தம் 15; பத்தைச் சுட்டாலே பனிஷர் துப்பாக்கி இலவசம், பதினைந்தையும் சுட்டால் அதன் பலமும் ஒரு படி உயர்ந்து வரும். (கேமில் கதை நடப்பது 2004இல் ஸ்பெயினில். வியாபாரி வாங்கும் காசான பெசெட்டா அங்கே 2002லேயே செல்லாக்காசாகிவிட்டது. வியாபாரிக்கு இந்தச் செய்தி எட்டவில்லை போலும்.)

பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளோடு வரும் சண்டைகளில் பலர் தேவையில்லாமல் தோட்டாவைக் கொட்டுகிறார்கள். தொடக்கத்தில் கண்ணியில் மாட்டிய நாயை விடுவித்தால், எல் ஹிகாண்டே என்ற ராட்சதன் வரும்போது அது வந்து கவனத்தைத் திருப்பும். கண் தைக்கப்பட்ட கரடோர் வரும் அறையில் ஓடாதீர்கள், நடங்கள்; சுவரில் இருக்கும் மணியைச் சுட்டால் அவர் அதன் மேல் பாய்ந்து நகத்தை மாட்டிக்கொள்வார், முதுகில் தெரியும் ஒட்டுண்ணியைச் சுடுங்கள். கோட்டையில் துரத்தும் வெர்டூகோ என்ற பூச்சி போன்ற அரக்கனைக் கொன்றே ஆக வேண்டும் என்றில்லை, லிஃப்ட் வரும் வரை தப்பித்தால் போதும். கொல்ல ஆசை என்றால் நைட்ரஜன் சிலிண்டரைக் கவிழ்த்து உறைய வைத்து ஒரு ராக்கெட். லியோனின் பழைய கூட்டாளியான கிராவுசருக்குத் துப்பாக்கியே வேண்டாம், கத்தி ஆச்சரியப்படும் அளவுக்கு வேலை செய்யும்.

இந்தக் கேமில் பயம் இல்லை என்பவர்களுக்குத் கடைசிப் பகுதியான தீவில் உள்ள ரெஜனரேடோர்களைத்தான் காட்ட வேண்டும். பிணச் சாம்பல் நிறம், வழுவழு உடம்பு, இழுத்து இழுத்து விடும் மூச்சு. தாழ்வாரத்தில் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அந்த மூச்சு கேட்டுவிடும். காலைச் சுட்டால் கால் போகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி முளைக்கும். ஷாட்கன் குண்டுகளை வாங்கி வாங்கி நடந்து வந்துகொண்டே இருக்கும். ஓட இடமில்லாத குறுகலான வழிகள். கூட்டத்தை வரவிட்டு உதைக்கப் பழகிய கைக்கு இங்கே வேலையே இல்லை. உறைபனி அறையில் கிடைக்கும் அகச்சிவப்பு ஸ்கோப்பை ரைஃபிளில் மாட்டினால்தான், உடம்புக்குள் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணிகள் சிவப்பாகத் தெரியும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுட வேண்டும்; கடைசி ஒன்று போனதும் உடம்பு உப்பி வெடிக்கும். முள் முளைத்த வகைக்கு முதுகிலும் ஒன்று இருக்கும், முன்னால் இருப்பவற்றைச் சுட்டுவிட்டு ஏன் சாகவில்லை என்று குழம்பாதீர்கள். ஸ்கோப்பில் கண்ணை வைத்து நிற்கும்போது மற்ற எதுவும் தெரியாது, அது மட்டும் நடந்து வந்துகொண்டிருக்கும். இடப்பற்றாக்குறைக்காக ரைஃபிளை முன்னாலேயே விற்றுவிட்டவர்கள் இங்கேதான் திண்டாடுவார்கள்.

குறைகளும் உண்டு. ரெஜனரேடோர் பகுதியைக் கழித்துவிட்டால் தீவு நீளமாக இழுக்கிறது. இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் வந்ததும் கேம் தன் அடையாளத்தைக் கொஞ்சம் இழக்கிறது. வெட்டுக்காட்சி நடுவே திடீரென்று பொத்தான் அழுத்தச் சொல்லும் இடங்கள் இன்று எரிச்சல்தான். லியோன் மீட்டுக் கூட்டிவரும் பெண்ணான ஆஷ்லியைப் பற்றிய புகார்கள் அளவுக்கு மீறியவை: 'நில்' என்றால் நிற்பாள், குப்பைத்தொட்டி இருந்தால் ஒளிந்துகொள்வாள், துப்பாக்கி அவள் பக்கம் திரும்பினால் குனிவாள். அவளை உங்கள் முதுகை ஒட்டி நிற்கவைத்துச் சுவரோரமாகச் சண்டை போட்டால் பாதி தொல்லை ஓயும்.

இதன் தாக்கம் தொடருக்கு வெளியேதான் முதலில் பலமாகத் தெரிந்தது. 2006இல் கியர்ஸ் ஆஃப் வார், 2008இல் டெட் ஸ்பேஸ் இரண்டுமே இந்தத் தோள்மேல் கேமராவின் வாரிசுகள். 2009இல் வந்த ஐந்தாம் பாகமும் நின்று சுடும் விதியை வைத்திருந்தது. கூட ஒரு துணையைச் சேர்த்ததில், முதுகுப்பக்கப் பயம் பாதி போய்விட்டது. 2012இல் ஆறாம் பாகம் நடந்தபடி சுட விட்டது, உருண்டு புரளவும் விட்டது, பயம் முற்றிலும் காணாமல் போனது. 2017இல் ஏழாம் பாகம் முதல்நபர் பார்வைக்கு மாறி மறுபடி தலைகீழாக்க வேண்டிவந்தது. ரீமேக் நடக்க விட்டதற்கு ஈடாகத்தான் எதிரிகளை வேகமாக்கி, கத்தித் தடுப்பைக் கொடுத்து, கத்தியைத் தேய வைத்திருக்கிறது. ஒரு விதியைத் தொட்டதும் இத்தனையையும் மாற்ற வேண்டியிருந்தது.

எந்தப் பதிப்பு என்றால்: கணினியில் 2014இல் ஸ்டீமுக்கு வந்த அல்ட்டிமேட் எச்டி பதிப்பை எடுங்கள். ரசிகர்கள் பல ஆண்டு உழைத்து 2022இல் முடித்த 'எச்டி புராஜெக்ட்' என்ற இலவச மாற்றத்தொகுப்பை (மாட்) அதன்மேல் போட்டால் படம் பல மடங்கு தெளிவாகும். 2007இல் வந்த பழைய கணினிப் பதிப்பு எங்காவது கிடைத்தாலும் தொடாதீர்கள், மவுஸால் குறிவைக்கக்கூட அதில் வழியில்லை. நின்டெண்டோ வீ பதிப்பில் ரிமோட்டைத் திரைக்கு நேராக நீட்டிக் குறிவைப்பது அருமையாக இருக்கும், கேமும் அதனால் எளிதாகிவிடும். கதையில் வரும் இன்னொரு பாத்திரமான எய்டாவை வைத்து ஆடும் 'செப்பரேட் வேஸ்' 2005 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2 பதிப்போடுதான் வந்தது. முதல் கேம்கியூப் பதிப்பில் இல்லை, பின்னால் வந்தவற்றில் இருக்கிறது. கணினியில் ஆடினாலும் கேம்பேட் வைத்து ஆடுங்கள். மவுஸில் தலைக்குக் குறி சட்டென்று போய்விடுகிறது. ஸ்டிக்கில் லேசர் கொஞ்சம் ஆடி ஆடித்தான் முகத்துக்கு வந்து சேரும், எதிரிகளின் நடை வேகம் அந்தத் தாமதத்துக்குத்தான் அளவெடுத்து வைக்கப்பட்டிருக்கிறது.